சீதனக் காரும் கால் சுற்றும்

போன கிழமை மருமகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மகளுக்கு நான் கொடுத்த காரை கராஜுக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைக் கொழுவ, அது காரின் வருத்தங்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டதாம். படத்தின் கீழே, "மாமா, நீங்க தந்த காருல இவ்வளவு பிழை இரிக்கி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சியும் போட்டிருந்தார்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தரம் வாசித்தேன். கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. மாமாவிடம் இதை இவ்வளவு லேசாகச் சொல்லிவிடலாமா?

நானும் சீதனக் கார் ஓடியவன்தான். எழுபதுகளின் கடைசி. சாய்ந்தமருதுவில் பிறந்த நான் மருதமுனையில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு சூட்கேசோடு பெண் வீட்டில் குடியேறினேன். மாமா கைத்தறி வைத்திருந்தவர். வீட்டோடு சேர்த்து அவர் தந்தது, ஆமை முதுகு போல வளைந்த ஒரு பழைய இங்கிலிஷ் கார். அதுவரை நூல் கட்டுகள் ஏற்றிய கார் என்பதால் பின் சீற்றில் எப்போதும் கஞ்சிப் பசை வாசம். இன்றைக்கும் யாராவது கஞ்சி போட்ட சட்டையோடு பக்கத்தில் வந்து இருந்தால் என் இடது கை கியரைத் தேடும்.

மூன்றாம் கிழமை அந்தக் காரில் ஒரு சத்தம் பிறந்தது. டிக் டிக் டிக். மிதித்தால் அதுவும் ஓடும், விட்டால் அதுவும் நடக்கும். சத்தம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஓர் எண்ணம். முதலில் டிக்கியில் கிடந்த, காரைத் தூக்கும் ஜக்கை மாமியின் பழைய சேலையில் சுற்றினேன். அடுத்ததாகச் சில்லு மூடிகளைக் கழற்றினேன். கடைசியில் ஸ்குரூட்ரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தேன். சத்தம் எஞ்சினின் மேல் மூடிக்குள் என்று தெரிந்தது. நாவிதன்வெளியில் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தேன். அன்று பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்கவில்லை. என் காதில் இருந்த கறுப்பு எண்ணெய் வட்டத்தைத்தான் கவனித்தார்கள்.

கராஜுக்குப் போவதுதானே என்பீர்கள். எப்படிப் போவது? சீதனக் கார் கலியாண மாதத்திலேயே கராஜில் நின்றால், மாமா மகளுக்குப் பழுதைக் கொடுத்தார் என்ற கதை அஸர் தொழுகைக்குள் கல்முனைச் சந்திக்கு வந்துவிடும். புது மாப்பிள்ளை சோற்றில் கல் கடித்தாலும் விழுங்க வேண்டியவன். மாமாவும் என் பக்கத்தில் இருந்துதான் வருவார், அவருக்கும் காது உண்டு. ஆனால் தந்தவர் வாயால் எப்படிச் சொல்வது? டிக் தொடங்கியதும் அவர் நூலைப் பற்றிக் கதைப்பார். நான் அதைவிடச் சத்தமாக "ஓம் மாமா" என்பேன்.

காரை விட்டுவிட்டு சைக்கிளில் இஸ்மாயில் பாஸின் கராஜுக்குப் போனேன்.

"கார் எங்க மாஸ்டர்?"

"கார் வரேலா. சத்தத்தக் கொண்டந்திரிக்கன்."

நின்ற நிலையில் வாயால் போட்டுக் காட்டினேன். வேகத்துக்குக் காலால் மிதித்தும் காட்டினேன். பாஸ் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்.

"டெப்பட்டுதான் மாஸ்டர். வால்வ அமத்துற கை லூசாப் போயித்து. மூடியத் திறந்து ஒவ்வொரு ஆணியையும் கால் சுத்து இறுக்குங்க. காலே காலுதான். கூடினா வால்வு மூடாது, சூடேறினதும் கார் படுத்திரும்."

"ஆருக்கும் சொல்லப்படா பாஸ்."

"சேச்சே. ஆரு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டன்."

ஸ்பனரும் ஸ்குரூட்ரைவரும் இரவல் தந்தார். வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்கு மாமா பள்ளிக்குப் போனார், எனக்கு வயிற்றுவலி. என் மனைவி றைஹானா விளக்குப் பிடிக்க, கால் சுற்று இறுக்கினேன்.

"வாப்பாட்ட சொல்லிராத புள்ள."

"நான் ஏன் சொல்ற?" என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க ஆசைதான். பள்ளி விட்டு வரும் மாமாவுக்குக் கேட்டுவிடுமே!

மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்து சம்மாந்துறைக்குப் பயணம். அங்கே மாமாவின் தங்கை வீட்டில் கலியாணம். புது மருமகனையும் காரையும் ஒன்றாகக் காட்டும் பயணம் அது, மாமா துருக்கித் தொப்பி போட்டு வந்தார். பின் கண்ணாடிகளுக்குச் சேலை மறைப்புக் கட்டி மாமியும் றைஹானாவும் உள்ளே ஏறினார்கள். கார் புறப்பட்டது. டிக் இல்லை!

"கார் சோக்காப் போகுது, என்ன மருமகன்?"

"எப்பவும் இப்பிடித்தானே மாமா."

"ஓம் ஓம், எப்பவும் இப்பிடித்தான்."

அவர் முகத்திலும் என் முகத்தில் இருந்த அதே பெருமை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காரைதீவு தாண்டியதும் கார் இழுக்க மறுத்தது. மாவடிப்பள்ளித் தாம்போதியில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வீதியைக் கடந்து ஓடியது. அதன் நட்டநடுவில் கார் இருமிவிட்டுப் படுத்தது. பின்னால் நெல் மூட்டை டிராக்டர் ஒன்று வந்து நின்றது.

"மாஸ்டர், மாப்பிள மாடு படுத்திட்டா? வாலக் கடிங்க!" என்றான் அதன் ட்ரைவர்.

மாமா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பிக் குஞ்சம் மட்டும் ஆடியது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தந்ததைக் குறை சொன்னவனாவேன். அவர் சொன்னால் பழுதைத் தந்தவராவார். அன்றைக்கு அதை விழுங்கியிருந்தால் நாங்கள் இருவரும் ஆயுளுக்கும் விழுங்கியிருப்போம்.

சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"வாப்பா, நீங்க எத்தின சுத்து இறுக்கின?" றைஹானா கேட்டாள்.

மாமா தன் மடியைப் பார்த்துச் சொன்னார்: "கால் சுத்து."

"இவரும் கால் சுத்து. நேத்து மஃரிபுக்கு இவர், இண்டைக்கு விடிய சுபஹுக்கு இவர் பள்ளிக்குப் போன பொறகு நீங்க. ரெண்டு பேருக்கும் வெளக்குப் புடிச்ச நான்தான்."

"ஏங்கா சொல்லல்ல?" என்றார் மாமி.

"ரெண்டு பேரும் சொல்லாத எண்டாங்க உம்மா. தறியில ஒரு நூல ரெண்டு பேர் இழுத்தா அறுமெண்டு வாப்பாக்கு நான் படிச்சுக் குடுக்கவா?"

மாமா இடுப்பு பெல்ட்டில் செருகியிருந்த ஸ்பனரையும் ஸ்குரூட்ரைவரையும் எடுத்தார். நான் சீற்றுக்கு அடியிலிருந்து என்னுடையதை எடுத்தேன். இரண்டு சோடியிலும் இஸ்மாயில் பாஸின் சிவப்புப் பெயின்ட் அடையாளம். அதைக் கண்டதும் மாமாவின் வயிறு குலுங்கத் தொடங்கியது. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தொப்பி தண்ணீரில் விழும்வரை சிரித்தார். டிராக்டர்காரன்தான் ஓடிப்போய்ப் பிடித்துக் கொடுத்தான்.

"மருமகன், இந்தக் காருல சத்தமொண்டு இருந்த."

"ஓம் மாமா. நல்லாக் கேட்ட."

"எனக்கும் கேட்ட."

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, அவர் ஸ்பனர் பிடிக்க, நான் கால் சுற்றுத் தளர்த்தினேன். கார் எழும்பியது. டிக் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. "அது கிடக்கட்டும், ஆள் வாறது தெரியோணும்தானே" என்றார். கலியாண வீட்டில் அந்தக் கதையை எனக்கு முன்பே அவர் சொல்லி முடித்துவிட்டார். "மருமகன் அரைவாசிப் பிழை, நான் அரைவாசிப் பிழை" என்று.

மாமா மௌத்தாகிவிட்டார். இஸ்மாயில் பாஸும் போய்விட்டார். கார் பழைய இரும்புக்குப் போனது. கண்ணாடிக்குச் சேலை கட்டிய கார் எதையும் நான் கண்டு கனகாலம்.

மருமகனுக்குப் பதில் எழுதாமல் போனில் கோல் எடுத்தேன்.

"மருமகன், பட்டியல் கிடக்கட்டும். சத்தம் எப்பிடி? ஒருக்கா வாயால போட்டுக் காட்டுங்க."



"சத்தமா? சத்தமே இல்ல மாமா. டாஷ்போர்ட்ல ஒரு லைட்டு மட்டும்தான் எரியிது."