எம்பிக்குப் போர்த்திய பொன்னாடை

என் சிநேகிதியின் வீட்டிலிருந்து வாக்குப் போடுகிற பள்ளிக்கூடத்துக்கு மூன்று மதில் தூரம். இடுப்பு எலும்பு தேய்ந்த பிறகு அவள் தெருக்களை அப்படித்தான் அளந்தாள். இந்த வெள்ளைக்கார நாட்டில் வீடுகளுக்கு முன்னால் இருக்கிற மதில்கள் முழங்கால் உயரம்தான். ஒன்றில் இருந்து மூச்சு வாங்கி, எழும்பி, அடுத்த மதில்வரை நடப்பாள். நான் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊரார் மதிலில் குந்துகிற ஆள் நான் இல்லை.

அவள் என்னைவிட நான்கு வயது இளையவள். இருபது வருடமாக ஒரே தெருவில் இருக்கிறோம். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் சங்க மண்டபத்தில் வயது போனவர்கள் கூடுவோம். அங்கேயும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பை மாற்றத்தான் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார். அன்றிலிருந்து அவள் பெயர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தது. தேர்தல் வந்த கோடையில் அதற்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைத்துக் கனகாலம். ஆனால் நான் வாக்குப் போட்டதில்லை. யார் வந்தாலும் பஸ் வரும், குப்பை எடுப்பார்கள் என்று இருந்தேன். அந்த முறை அவள் விடவில்லை.

"அக்கா, எதிர்க்கட்சி ஆக்கள் வந்தா லிஸ்டைக் குறைப்பம் எண்டு சொல்லுகினம். நீங்களும் வாங்கோ."

"வாறவை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது."

"சரி, அவைக்குப் போட வேண்டாம். என்ர இடுப்புக்குப் போடுங்கோ."

அவளுடைய இடுப்புக்காகப் போனேன். அடையாளத்துக்கு முதியோருக்குத் தருகிற பஸ் பாஸைக் காட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் படத்தையும் என்னையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கடதாசியைத் தந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆங்கில எழுத்து வாசிக்க வராது. எந்தச் சின்னத்துக்குப் பக்கத்தில் புள்ளடி போடுவது என்று அவள் முதல்நாளே காட்டித் தந்திருந்தாள். போட்டுவிட்டு வந்தேன். அவர்கள் வென்றார்கள். அவள் கேசரி கிண்டி மண்டபத்துக்குக் கொண்டு வந்து, தானே வென்றதுபோல எல்லாருக்கும் கொடுத்தாள்.

கேசரி இனித்தது கொஞ்ச நாள்தான். மழைக்காலம் வரும்போது, குளிருக்கு வீட்டைச் சூடாக்கவென்று வயது போனவர்களுக்குத் தருகிற காசை எங்களில் பலருக்கு நிறுத்திவிட்டார்கள். பிறகு செவ்வாய்க்கிழமைகளில் வேறு கதையே இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் எங்களோடு வருகிறவர். அவரை எல்லாரும் டிரைவர் என்றுதான் சொல்வோம். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே தொடங்கிவிடுவார்.

"கேசரி குடுத்த ஆள் எங்கை? இண்டைக்கு என்ன கொண்டந்தனீங்கள், வேப்பிலைக் கசாயமோ?"

"பழையவை பதினாலு வருசமா உடைச்சதை இவை நாலு மாசத்தில ஒட்டுவினமே?" என்பாள் இவள்.

"ஒட்ட வேண்டாம் தங்கச்சி. கிடக்கிறதைப் பிடுங்காம இருந்தாக் காணும்."

நான் கேட்டுக்கொண்டிருப்பேன். புது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் முதல் கிழமை நண்டுக்கறி வைத்து, மூன்றாம் மாதம் அவர் நடக்கிற விதத்திலேயே பிழை கண்டுபிடிப்பார்கள் அல்லவா, அப்படித்தான் இருந்தது. மாப்பிள்ளையும் நல்லவரா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்டபத்துக்குப் போகிற வழியில் இரண்டு மதிலில் இருந்தவள், மார்கழியில் நான்கு மதிலில் இருக்கத் தொடங்கினாள் என்பதுதான்.

தைப்பொங்கல் விழாவுக்கு எங்கள் தொகுதியின் புது எம்பி வருவதாகச் சங்கத் தலைவர் சொன்னார். அவர் கடை வைத்திருக்கிறவர், என் மகனின் வயது. எம்பி ஒரு பெண். ஆளுங்கட்சி. முக்கால் மணித்தியாலம் இருப்பா, கடைசியில் இரண்டு கேள்வி கேட்கலாம் என்றார்.

"அன்ரி, நீங்கள்தான் மண்டபத்தில மூத்த ஆள். குளிர்க்காசைப் பற்றி ஒரு கேள்வி எழுதித் தாறன். தமிழிலையே கேளுங்கோ, நான் இங்கிலீஷில சொல்லுறன்."

"தம்பி, நான் கேக்கிறதெண்டால் நான் நினைக்கிறதைத்தான் கேப்பன்."

"என்ன நினைக்கிறியள்?"

அவளைப் பார்த்தேன். அவள் கண்ணால் வேண்டாம் என்றாள். வெளியில் வந்து முதல் மதிலில் இருந்த பிறகுதான் காரணத்தைச் சொன்னாள். அவளுடைய பேத்திக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் மாமி எங்கள் சங்கத்து விழாக்களுக்கு வருகிறவ.

"என்ர பேரை எடுக்கக் கூடாது அக்கா. எலும்பு வருத்தம் பரம்பரை எண்டு ஒரு கதை போனால் முடிஞ்சுது."

"நீர் நடக்கிறதை அவ காணேல்லையோ?"

"அவ வரமுந்தி நான் கதிரையில இருந்திடுவன். அவ போனாப் பிறகுதான் எழும்புவன்."

இது சிரிப்பதற்கில்லை. பேச்சுத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். பெயரை எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். நான் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான்.

விழாவின் நிகழ்ச்சிநிரலைத் தலைவர் வாசித்துக் காட்டினார். விளக்கேற்றல், மௌன அஞ்சலி, தேவாரம், வரவேற்புரை, தலைவர் உரை, சிறுமிகளின் நடனம், பொன்னாடை, எம்பியின் உரை, கேள்வி, நன்றியுரை. நாற்பது வருடமாக நான் பார்த்த விழாக்களில் கடைசியில் இருக்கிறது எதுவும் நடந்தது கிடையாது. வரவேற்புரை சொல்கிறவருக்கு ஒலிவாங்கி கையில் வந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. கேள்விக்கு நேரம் வராது என்று எனக்கு அன்றைக்கே விளங்கியது. தலைவரைக் கூப்பிட்டுக் கேள்வி வேண்டாம் என்றேன்.

"பொன்னாடையை நான் போர்க்கிறன்."

அவருக்குச் சந்தோசம். தமிழ்க்கடைகள் இருக்கிற தோர்ண்டன் ஹீத்துக்குப் போய் ஊதா நிறத்தில் சரிகைக் கரை வைத்த சால்வை ஒன்று வாங்கி வந்து காட்டினார்.

எம்பியின் காதில் போட ஆங்கிலம் மூன்று துண்டு டிரைவர் சொல்லித் தந்தார். என் சிநேகிதி, இடுப்பு, பதினான்கு மாதம்.

"பஸ் நிப்பாட்டுற மாதிரி ஒவ்வொண்டா நிப்பாட்டிச் சொல்லுங்கோ அக்கா. எல்லாத்தையும் ஒரேயடியாக் கொட்டினா அவ இறங்கிப் போயிடுவா."

விழாவில் நான் நினைத்ததுதான் நடந்தது. வரவேற்புரை நீண்டது. தலைவர் உரை அதைவிட நீண்டது. சிறுமிகள் ஒரு நடனத்துக்குப் பதிலாக இரண்டு ஆடினார்கள், ஏனென்றால் இரண்டு ஆசிரியர்கள். எம்பி முன்வரிசையில் நெற்றியில் குங்குமத்தோடு சிரித்தபடியே இருந்தா. பக்கத்தில் இருந்த உதவியாளப் பெண் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எம்பியும் நானும் மேடையில் ஏறினோம். சால்வையை விரித்து அவவின் தோளில் போட்டு, இரண்டு தலைப்பையும் கழுத்துக்குக் கீழே சேர்த்துப் பிடித்தேன். விடவில்லை. படம் எடுக்கிறவர், "அன்ரி, இஞ்ச பாருங்கோ" என்றார். நான் எம்பியைப் பார்த்தேன். ஒரு சாண் தூரத்தில் அந்த முகம். மூன்று துண்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவ தலையைக் குனிந்து கேட்டா. ஏதோ கேட்டா, எனக்கு விளங்கவில்லை. மூன்றையும் திரும்பவும் சொன்னேன். கீழே இருந்த சனம் நான் ஆசீர்வாதம் செய்கிறேன் என்று நினைத்துக் கைதட்டியது. எம்பி என் இரண்டு கையையும் பிடித்து, உதவியாளப் பெண்ணைக் காட்டித் தலையசைத்தா. அப்போதுதான் சால்வையை விட்டேன்.

கேள்வி நேரம் வரவே இல்லை. எம்பி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, சர்க்கரைப் பொங்கலும் வடையும் கட்டிய பார்சலோடு போய்விட்டா. குளிர்க்காசைப் பற்றி உரத்துக் கேட்பேன் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த டிரைவர், அவவுக்கு வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

போவதற்கு முன் அந்த உதவியாளப் பெண் குறிப்புப் புத்தகத்தோடு என்னிடம் வந்து பெயரும் விலாசமும் கேட்டாள். மாப்பிள்ளையின் மாமி அடுத்த வரிசையில் இருந்தா. நான் என் பெயரைச் சொன்னேன், என் விலாசத்தைச் சொன்னேன்.

மாசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடித உறையில் பாராளுமன்றத்தின் முத்திரை. அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் தொழிற்சாலையில் வேலை செய்தவள், ஆங்கிலம் வாசிப்பாள். மெதுவாக வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"உங்கட இடுப்பைப் பற்றி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டவையாம். உங்கட பேரில ஆரும் லிஸ்டில இல்லையாம். இடுப்பு நோவு இருந்தால் முதல்ல டாக்டரைப் பாக்கட்டாம்."

எண்பத்தொரு வயதில் நான் மாடிப்படியைக் கைபிடிக்காமல் ஏறுகிறவள். என் இடுப்புக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கடிதத்தில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிழை எழுதியவர்களிடம் இல்லை. ஒரு பெயரைக் கொடுத்தேன், அதைத் தேடியிருக்கிறார்கள்.

"என்ர பேரைச் சொல்லியிருக்கலாம்தானே அக்கா," என்றாள் அவள்.

"நீர்தானே வேண்டாம் எண்டனீர்."

"நான் எல்லாத்துக்கும்தான் வேண்டாம் எண்டு சொல்லுறன். நீங்கள் எதைக் கேட்டு நடந்தனீங்கள்?"

பிறகு தேத்தண்ணி போட எழும்பியவள் மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்துப் போனாள். அவளுடைய குசினி ஆறடி தூரம்.

"வெள்ளிக்கிழமை வெளிக்கிடும்," என்றேன். "அந்த எம்பிப் பிள்ளை லைப்ரரியில சனத்தைப் பாக்கிறவவாம். நீரே வந்து சொல்லும்."

"மாப்பிள்ளை வீடு?"

"அவை லைப்ரரிக்கு வாற ஆக்களோ?"

பஸ் நிறுத்தத்திலிருந்து லைப்ரரிவரை மதில் இல்லை, இரும்புவேலிதான். அவள் ஒரு தபால்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என் தோளைப் பிடித்தாள். உள்ளே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், சுவரில் பூஞ்சணம் பிடித்த படங்களைப் பை நிறைய வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க இவர்களுக்குத்தான் வாக்குப் போட்டேன், இனிச் செத்தாலும் போட மாட்டேன் என்று அவர் சொன்னதாக அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். கதவு திறந்து எம்பி எட்டிப் பார்த்ததும் அந்த மனிசன் எழும்பித் தொப்பியைக் கழற்றினார்.

எங்கள் முறை வந்தது. எம்பி என்னை மறக்கவில்லை. சால்வை தன்னுடைய அலுவலகக் கதிரையில் கிடக்கிறது, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறேன் என்று சொன்னாவாம். நான் அவளைக் கையால் காட்டினேன். அவள் தன்னுடைய பெயர், பிறந்த தேதி, ஆஸ்பத்திரி இலக்கம் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னாள். அவ்வளவும் மனப்பாடம். எம்பி எழுதிக்கொண்டு, தன்னால் வரிசையை மாற்ற முடியாது, கேட்டுப் பார்க்கத்தான் முடியும் என்றா. வெளியில் வந்து அதை எனக்குத் தமிழில் சொன்னபோது இவளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஏலாததை ஏலாது என்று சொன்ன அரசாங்க ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பேத்தியின் பேச்சு பங்குனியில் நின்றுபோனது. சாதகம் பொருந்தவில்லை. இடுப்பைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

சித்திரையில் அவளுக்கு ஒரு தேதி வந்தது. இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசி எடுத்து அதைத் தள்ளிவைத்தார்கள். டிரைவருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல நாள். "நான் சொன்னனான்" என்று மூன்று தரம் சொன்னார். பிறகு ஆடியில் இன்னொரு தேதி வந்தது. அரசாங்கம் வந்து ஒரு வருடம், அவள் காத்திருக்கத் தொடங்கி இருபது மாதம். எம்பியைக் கூப்பிட்டது சங்கம் என்பதால் பெருமை சங்கத்துக்கு என்றார் தலைவர். விம்பிள்டன் கோயில் பிள்ளையாரின் அருள் என்றாள் அவள். டிரைவர் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை.

"முறை வந்தது, கூப்பிட்டவை. அவ்வளவுதான்."

எது சரி என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

விடிய ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவளுடைய மகளுக்கு வேலை, நான்தான் போனேன். ஒரு டாக்டர் வந்து, எந்தப் பக்கம் என்று அவளிடமே கேட்டு, வலது தொடையில் கறுப்புப் பேனையால் ஓர் அம்புக்குறி போட்டார். கையில் இருந்த காப்புகளைக் கழற்றச் சொன்னார்கள். நாற்பது வருடமாகக் கழற்றாத காப்புகள். தாதி சவர்க்காரம் பூசி, நான் இழுத்து, ஒருபடியாக இரண்டும் வந்தன. என்னுடைய கைப்பையில் போட்டேன்.

கட்டிலைத் தள்ள வந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இனி அவையைப் பற்றி ஒண்டும் கதைக்காதேங்கோ. செய்து தந்திட்டினம்."

"உம்மை முதல்ல வெளியில கொண்டு வரட்டும்."

மூன்று மணித்தியாலம் கழித்து நல்லபடியாகக் கொண்டு வந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் டிரைவர் என்னவெல்லாமோ கேட்டார். அரசாங்கத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.