இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

அம்மன் பெயரால் நான் பொய் சொன்னேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவன், ஊர்க் கோவிலின் தர்மகர்த்தா, தெரிந்தே செய்த காரியம் அது.

பாகூர் ஏரியிலிருந்து எங்கள் ஊர் வழியாகப் போகும் கிளை வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. அதன் கடைசியில் முக்கால் காணி நிலம் வைத்திருந்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும், கணவர் இல்லை. "நாமளே தூர் வாரலாம். இந்த சம்பாவுக்கும் தண்ணி வரலன்னா நெலத்த வித்துட்டு டவுனுக்கு வூட்டு வேலைக்குத்தான் போவணும்" என்று ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார். ஊர் சம்மதித்தது. நான் மட்டும் அது நடக்கக் கூடாது என்று நினைத்தேன். என் கரும்புக் கொல்லை வருஷா வருஷம் கொஞ்சமாக நகர்ந்து, வாய்க்காலில் பாதியை விழுங்கியிருந்தது.

எங்கள் ஊரில் பெரிய காரியம் எதற்கும் பூ கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டதும் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் கட்டுவது தர்மகர்த்தா. நான் இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்துக் கட்டினேன்.

ஊர் பின்வாங்கியது. மறுநாள் காலை அந்தப் பெண்மணி மட்டும் கரையில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, மண்வெட்டியோடு இறங்கினார்.

"அம்மனே வேணாம்னுடுச்சு, நீ இன்னாடி பண்ற?" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"பூதான் வேணாம்னுச்சு. அவ எங்கிட்ட சொல்லலியே. தெனம் கேட்டுட்டுத்தான் எறங்கறேன்."

"இன்னா, போன்ல பேசறாளா?"

"பேசுனா உங்கிட்ட குடுக்கறேன், நீயே கேட்டுக்க."

கடையே சிரித்தது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

பத்தே நாளில் என் கரும்பு வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்! தனி ஆள்! மிரட்டி நிறுத்தத்தான் விடியற்காலையில் போனேன். கைகளில் துணி சுற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

"வாத்தியாரே, நீங்க படிச்சவரு. மெய்யா சொல்லுங்க, அவளுக்குக் கோவமா? ஆமான்னு சொல்லுங்க, இப்பவே ஏறிடறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயெடுத்தேன், வேறு வந்தது.

"ரெண்டுலயும் சிவப்பும்மா. நான்தான் கட்டினேன்."

கோபத்துக்கு முன்னால் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம். "அதான பாத்தேன்! எங்கம்மா அப்பிடி சொல்ல மாட்டாளேன்னு!" என்று குதித்தார். பிறகுதான் குரல் மாறியது. "எங்கிட்ட இன்னா சொல்ற? கோவில்ல போயி சொல்லு."

அன்று மாலையே கோவிலில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒருவர் அடிக்க வந்தார். கோவில் சாவியை வாங்கிக்கொண்டார்கள், அது நியாயம். மறுநாள், முற்றாத கரும்பில் வாய்க்காலுக்குள் நின்ற ஐந்து வரிசையை நானே வெட்டிச் சாய்த்து, வரப்பைப் பழைய இடத்துக்கே இழுத்துக் கட்டத் தொடங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் கரை நெடுக ஆட்கள், மண்வெட்டி, கூடை! எட்டே நாளில் வேலை முடிந்தது.

மதகு திறந்த அன்று தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தை என்னவென்று எழுதுவேன்! அதோடு ஊரே கரையில் ஓடியது. சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, எழுபத்திரண்டு வயதில் நானும் ஓடினேன். என் கொல்லையைத் தாண்டி, வளைவில் திரும்பி, அவர் நிலத்துக்குள் தண்ணீர் பாய்ந்தபோது அவர் அதன் நடுவில் நின்று, "வந்துட்டாடா! வந்துட்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அந்த சம்பா விளைந்தது. நிலமும் அவரிடமே இருக்கிறது. என்னை மன்னித்ததாக அவர் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வருஷம் தூர் வார ஆள் கூப்பிட வந்தவர், என் வாசலிலும் நின்றார்.

"நாளைக்கி ஆறு மணிக்கி. மம்முட்டி எடுத்துக்கினு வா."

ஐந்தரைக்கே போய் நின்றுவிட்டேன்.