ஒப்பீட்டுக்கு ஓர் ஊர்

ஓலைத்தொடுவாயில் கச்சான் காற்றில் கருவாடு காய்கிறது. என் ஆய்வு வினாக்கொத்து பறக்கிறது. வங்காலையில் சுகாதாரக் காப்புறுதித் திட்டம் ஒன்று நடக்கிறது. அதன் பலனை அளக்க, திட்டமே இல்லாத ஓர் ஊர் வேண்டும். அந்தப் பாக்கியம் இந்த ஊருக்கு வாய்த்திருக்கிறது.

சீனி வருத்தத்தில் புண்ணாகிப்போன காலுக்குக் கட்டுப் போட்டிருக்கும் றீற்றா அக்கா, எனக்குக் கதிரை தந்துவிட்டுக் கேட்கிறார்: "எங்களுக்கு எப்ப தம்பி காப்புறுதி தருவியள்?"

"தந்தால் ஒப்பிட ஏலாது, அக்கா. நீங்கள் இப்பிடியே இருக்கோணும்."

"அப்ப அங்க சுகப்பட்டதைக் காட்ட, நாங்கள் இங்க வருத்தத்தில கிடக்கோணுமோ?"

ஆய்வு முறையை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பட்டறையிலும் யாரும் எனக்கு விளக்கியதில்லை. நன்றிக்கடனாக ஒரு சவர்க்காரக் கட்டியைக் கொடுத்துவிட்டு எழும்புகிறேன்.

"அடுத்த வருசமும் வருவன், அக்கா."

"வாங்கோ தம்பி. அதுவரைக்கும் சாகாமல் இருக்கப் பாக்கிறன். இல்லாட்டி உங்கட கணக்கெல்லோ பிழைச்சுப் போகும்."