செல்வி வீட்டு வாசலில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிறது. அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்காத வீட்டிலிருந்து, அவர் வளர்த்த தம்பி இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ராயபுரத்தில். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா விபத்தில் முடங்கியதும், அக்கா பள்ளியை விட்டு இறால் கம்பெனிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். காலடிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டார். மாமா மறைந்த பின் ஊர்க்காவல் படையில் சேர்ந்தார். மாதா தேரானாலும் ஆடித் திருவிழாவானாலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார். காவலர்களுடன் தெருத்தெருவாகச் சுற்றி வருவார். ஆனால் அவருக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது.

"உன்னப் பாத்து யாருக்கா பயப்படுவா?" என்று கேலி செய்வேன்.

"பயம் இன்னாத்துக்குடா? பேசறதுக்கு ஒரு ஆளு வேணும்ல!" என்பார்.

அடுத்த சந்தில் குடியிருந்த செல்வியை அவருடைய கணவன் அடித்துவந்தான். "கேஸு வேணாங்க்கா, வூடு பேஜாராயிடும்" என்று செல்வி அழுதார். அக்கா வற்புறுத்தவில்லை. பணி முடிந்ததும் சீருடையிலேயே அங்கே போய் டீ கேட்டு உட்காரத் தொடங்கினார்.

"இன்னாக்கா, டெய்லி வந்துகினு கீற?" என்றான் அவன்.

"உம் பொண்டாட்டி டீ சோக்கா கீதுப்பா. வரக்கூடாதா?"

சில மாதங்கள் அடி நின்றிருந்தது. ஒரு மாலை கதவு சாத்தியிருந்தது. "அவ ஊருக்குப் பூட்டா" என்றான் உள்ளிருந்து. அக்கா படியில் அமர்ந்து, தெருவுக்கே கேட்கும்படி, "வர்ற வரிக்கும் இங்கியே குந்திகினு இருக்கேன்" என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியில் கதவு திறந்தது. கிழிந்த உதட்டோடு வெளியே வந்த செல்வி, "ஸ்டேஷனுக்குப் போலாங்க்கா" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இன்று செல்வி தையல் வேலை செய்து, தன் சொந்தக் காலில் நிற்கிறார்.

சிறுநீரகம் பழுதாகி அக்கா மருத்துவமனையில் கிடந்தபோது இரவு பகலாக உடனிருந்தவர் செல்விதான். "பேஷன்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று செவிலியர் கேட்டார். கண்ணை மூடியபடியே அக்கா, "தங்கச்சி" என்றார்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை அளித்த பங்குத் தந்தைக்கும், சீருடையில் வந்து பெட்டியைச் சுமந்த தோழர்களுக்கும், எங்களோடு அழுத காலடிப்பேட்டைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலரின் பின் அட்டையில் அக்காவின் உடன்பிறந்தோர் என்று இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று என்னுடையது. மற்றது செல்வியுடையது. அது அச்சுப்பிழை அன்று.