டாக்டரம்மாவும் சாமியாரும்

"இறங்குங்க சாமியாரே, வந்தவங்க உட்காரணும்" என்கிறார் டாக்டரம்மா, மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. காத்திருப்பு அறையில் இருக்கும் பஞ்சு வைத்த வட்ட முக்காலியைக் கட்டிப்பிடித்து மும்முரமாக இயங்கிக்கொண்டிருக்கும் பழுப்பு நாய், கொஞ்சம் நிறுத்தி யோசிக்கிறது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நான் பூனைக் கூடையோடு நின்றுகொண்டே இருக்கிறேன்.

நாய்க்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். வீட்டைக் காலி செய்துபோன யாரோ ஆஸ்பத்திரி வாசலில் விட்டுப்போன நாய். தன் கையாலேயே ஆபரேஷன் செய்து, தையல் பிரித்த அன்று, "ஆசையை அறுத்தாச்சு, இனிமே வேற என்ன பேரு வைக்கிறது" என்று சாமியார் ஆக்கிவிட்டார். ஆறு வருடம் ஆகிறது. முக்காலி, தீவன மூட்டை, கூரியர்காரரின் கால், தரை துடைக்கும் மாப்பு என்று சாமியாரின் பற்றுகள் மட்டும் வளர்ந்துகொண்டே போகின்றன.

அறையின் சுவரில் கருத்தடையின் நன்மைகளைச் சொல்லும் பெரிய படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் சாமியாரின் முக்காலி. ஆண் நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் படத்தைப் படிப்பார்கள், கீழே பார்ப்பார்கள், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரோம்" என்று எழுந்துவிடுவார்கள்.

வேறு டாக்டராக இருந்தால் நாயைக் கொல்லையில் கட்டிப்போட்டிருப்பார். இவர் அசர மாட்டார். "மனுஷங்க நகம் கடிக்கிறதில்லையா? இவரு முக்காலியைப் பிடிக்கிறாரு. சந்தோஷம் வந்தாலும் இதான், பயம் வந்தாலும் இதான். நான் எடுத்தது கீழ இருக்குறதை. பழக்கம் தலைக்குள்ளதானே இருக்கு?" அதோடு விடாமல், பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் உதாரணமும் உண்டு: "குழாயைத் திறந்தா சத்தம் வரும். தண்ணி வராது. தொட்டி காலி."

நாய், பூனை எல்லாவற்றையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். நீ, வா, போ எல்லாம் வீட்டுக்காரருக்கு மட்டும். அவர் சட்டைப் பொத்தான்களை டாக்டரம்மாவே அறுவைச் சிகிச்சை முடிச்சுப் போட்டுத் தைத்திருக்கிறார். சட்டை நைந்து கிழிந்தாலும் பொத்தான் விழாது என்று அந்த மனிதர் பெருமையாகவும் கொஞ்சம் பயத்தோடும் சொல்வார். கைதான் டாக்டரம்மாவுக்கு எல்லாம். "என் கை தப்பாதுங்க" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்று நினைக்கிறேன்.

அந்தக் கைக்குத்தான் சோதனை வந்தது. எதிர்ச் சாரியில் பேக்கரி வைத்திருப்பவரின் பெண் நாய் பாப்பா, பருவத்தில் இருந்தபோது சங்கிலியை உருவிக்கொண்டு ஓடிவந்துவிட்டது. முக்காலியைத் தவிர வேறு உலகம் அறியாத சாமியார், பட்டப்பகலில், நடுத்தெருவில், பாப்பாவோடு பின்னிப் பிணைந்து நின்றார். ரொட்டி வண்டி நகர முடியவில்லை. ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். டாக்டரம்மா தடுத்துவிட்டு, "ஊத்தாதீங்க, தானா விலகும்" என்று கூடியிருந்தவர்களுக்கு அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பித்தார். ஆபரேஷன் ஆன நாயும் ஜோடி சேரும், ஆனால் குட்டி வராது என்பதுதான் பாடம். பேக்கரிக்காரர் மாவுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் வெள்ளையாக நின்றார்.

"நீங்க கவலைப்படாதீங்க. தொட்டி காலி" என்றார் அவரிடம். வாயை அதோடு மூடியிருக்கலாம். "குட்டி வந்துச்சுன்னா என் போர்டைக் கழட்டிடறேன்."

குட்டி வந்துவிட்டது. பேக்கரிக்காரர் ரொட்டியோடு செய்தியையும் சேர்த்து விற்றார். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக போன் செய்து, ஊருக்குப் போகிறோம் என்றார்கள்.

நேற்று என் பூனைக்குக் காது மருந்து வாங்கப் போயிருந்தேன். பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டில் துணி விரித்து, நடக்கப் பழகிவிட்ட குட்டிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"தொட்டி காலின்னீங்க. இது என்னங்க, ஒழுகலா?"

"தெருவுல எத்தனை நாய் இருக்கு. அன்னிக்கு நாம பார்த்தது ஒண்ணு. பார்க்காதது எத்தனையோ" என்றார் டாக்டரம்மா.

பேக்கரிக்காரரின் முகம் சிவந்துவிட்டது. "என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல."

"ஒரே ஈத்துல ரெண்டு அப்பன்கூட இருக்கலாம். அது இயற்கை."

"மெதுவாப் பேசுங்க. வாசல்ல நிக்கிறா, காதுல விழப்போகுது."

வாசலில் பாப்பா ஈயைக் கடிக்க முயன்றுகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் குட்டிகளைத் தரையில் விட்டார். ஒன்று பழுப்பு நிறம், இடது காது சாமியாருக்கு மடிந்திருப்பதுபோலவே மடிந்திருந்தது. அது தள்ளாடித் தள்ளாடி என்னிடம் வந்து, என் கணுக்காலைக் கட்டிப்பிடித்து, மும்முரமாக வேலையை ஆரம்பித்தது. காலை உதறவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நான் நின்றேன்.

"இந்த வயசுல எல்லாக் குட்டியும் விளையாட்டா இப்படிப் பண்ணும்" என்றார் டாக்டரம்மா. அது உண்மைதான். ஆனால் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"போர்டை எப்பக் கழட்டுறீங்கன்னு சொல்லி அனுப்புங்க. ஏணி நான் தரேன்" என்று பேக்கரிக்காரர் குட்டிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "யாரு என்ன சொன்னாலும் என் கை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "பூனைக்கு ஒண்ணும் அவசரமில்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சாமியாரே, கொஞ்சம் உள்ள வாங்க."

ஆபரேஷன் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. சாமியார் மேசையில் மல்லாந்து படுத்து, நாக்கைத் தொங்கவிட்டு, மகிழ்ச்சியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா விளக்கை இழுத்துக் கிட்டே வைத்தார். ரப்பர் உறையை மாட்டினார். பிறகு அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெறும் கட்டைவிரலால் பழைய தையல் தழும்பை ஒட்டி இடது பக்கம் அழுத்திப் பார்த்தார், பிறகு வலது பக்கம், பிறகு மறுபடியும் இடது பக்கம்.