இரண்டடி மண்

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்தாற்போல் இருக்கிற ஊர்களில், நாற்பது வயதுக்குள் பதினேழு கிணறுகளுக்கு மண் சுமந்தவள் பழனியாத்தாள். அதில் ஒன்றுகூட அவளுடையதில்லை. அவளும் புருஷன் ராசப்பனும் குடியிருந்த குடிசையே பண்ணாடி பொங்கியண்ணனின் களத்து ஓரத்தில்தான் இருந்தது. அவர் கிளம்பு என்றால் சட்டிபானையோடு கிளம்ப வேண்டியதுதான்.

கிணறு வெட்டும்போது மண்ணின் குணம் கூடைக்காரியின் கழுத்துக்குத்தான் முதலில் தெரியும். மேலே செம்மண், கூடை லேசு. அடுத்துக் கொஞ்சம் பசையுள்ள பழுப்பு மண். அதற்குக் கீழே முட்டு முட்டாய் வெள்ளைச் சுக்கான் கல், சுண்ணாம்பு இறுகினது. அது வந்த அன்றைக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதற்கும் அடியில் கையால் நொறுக்கக்கூடிய பாறை, பிறகு வெடி வைக்க வேண்டிய பாறை. பாறைதான் மெல்ல மெல்ல மண்ணாகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பதினேழு தடவை இறங்கி ஏறினவளுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

முப்பத்தொன்றாம் வருஷம், நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்குப் புறம்போக்கில் ஓர் ஏக்கர் கொடுப்பது என்று முடிவாகி, ராசப்பன் பேரும் பட்டியலில் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மேல் மண் இரண்டடியாவது இருக்க வேண்டும். இரண்டடிக்குள் சுக்கான் தட்டினால் நிலம் சாகுபடிக்கு லாயக்கற்றது. ஆடு மாடு மேயப் பழையபடியே கிடக்கும்.

பார்த்து எழுத வேண்டியவர் அரங்கசாமி. கோயமுத்தூரிலிருந்து சைக்கிளில் வருகிற மண் பரிசோதகர், இருபத்தைந்து வயது. "ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி வைங்க. காலை வெயில் படற மாதிரி மேற்குச் சுவரைச் செங்குத்தா விடணும். வெள்ளிக்கிழமை வந்து இறங்கிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் மூன்று நாள் வெட்டினார்கள். வியாழக்கிழமை மத்தியானம் பழனியாத்தாள் குழியை எட்டிப் பார்த்தாள். கரடுமுரடான வெறும் சுவர், பல்லிளித்துக்கொண்டு நின்றது. சர்க்கார் ஆள் ஒருவர் காலை வைத்து இறங்கப்போகிற இடம். விருந்தாளியைச் சாணி வழிக்காத வாசலில் நிறுத்துகிற வழக்கம் அவள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. இரண்டு கூடை சாணி கொண்டுவந்து, நாலு சுவரையும் விரற்கடை தடிமனுக்கு மெழுகினாள். குழி மேட்டில் கோலமும் போட்டாள்.

"இது எதுக்குப் புள்ள?" என்றான் ராசப்பன்.

"வாரவரு நம்மளை என்னன்னு நெனைப்பாரு?"

ராசப்பன் காலிச் சாணிக்கூடைகளை எடுத்துக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை அரங்கசாமிக்குக் கடும் ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே குழிக்குள் இறங்கினவர், மேற்குச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தலையிலிருந்து கால்வரை ஒரே நிறம், கரும்பச்சை. அடுக்கு கிடையாது, கல் கிடையாது.

"இப்படி ஒரு மண்ணை இந்தத் தாலுகாவிலேயே நான் பார்த்ததில்லை."

"எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க" என்றாள் பழனியாத்தாள்.

கத்தியால் சுரண்டி ஒரு துணிப்பை நிறைய எடுத்து, சீட்டு எழுதிக் கட்டி, மேலே வைத்தார். இரண்டாவது பைக்கு இன்னும் ஆழமாகக் குத்தியபோது ஒரு பத்தை பெயர்ந்து விழுந்தது. பின்னால் சிவப்பு.

"என்னம்மா இது?"

"சாணிங்க சாமி. நேத்துத்தான் வழிச்சேன்."

"எதை மறைக்கப் பார்க்கிறே?"

"மறைக்கிறதுங்களா?" பழனியாத்தாள் நிஜமாகவே திகைத்தாள். "ஏனுங்க, வெறுஞ்செவுத்துல உங்களை நிறுத்தறதுங்களா?"

அவர் நம்பவில்லை. அந்தச் சுவரை ஒரு முழம் பின்னால் வெட்டச் சொன்னார். ராசப்பன் வெட்டினான். செம்மண், பழுப்பு, பிறகு வெள்ளை. அரங்கசாமி புட்டியிலிருந்து திராவகத்தைச் சொட்டுச் சொட்டாக மேலிருந்து விட்டுக்கொண்டே வந்தார். வெள்ளையில் பட்டதும் நுரைத்தது. நுரைத்த இடத்துக்கு அளவுகோலை வைத்தார். ஒன்றே முக்கால் அடி.

"மழைத்தண்ணி மேலே இருக்கிற சுண்ணாம்பைக் கரைச்சுக் கீழே கொண்டுபோகும். எங்கே தண்ணி நிக்குதோ அங்கே சுண்ணாம்பும் நின்னுடும்" என்றார், கொஞ்சம் இறங்கின குரலில். "உங்க ஊர் மழைக்கு ஒன்றே முக்கால்தான்."

"இன்னுங் கால் அடி பேஞ்சிருக்கலாமுங்க" என்றாள் அவள்.

'லாயக்கற்றது' என்று எழுதிக்கொண்டு, பைகளைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். கோலத்தில் டயர் தடம் விழுந்திருந்தது.

ஊருக்குச் சிரிப்பு அடங்க ஒரு மாசம் ஆயிற்று. பொங்கியண்ணனே களத்தில் நிறுத்திக் கேட்டார்:

"ஏன் பழனியாத்தா, சர்க்காருக்குக் குழிச் செவுரு வழிச்சியாமா? கோலம் போடலியா?"

"போட்டேனுங்க பண்ணாடி. அவருதான் சைக்கிள்ல மிதிச்சுப்போட்டாரு."

மூன்று மாசம் கழித்து அரங்கசாமி திரும்ப வந்தார். ஜலதோஷம் இல்லை, ஆனால் முகம் அன்றைவிட மோசமாக இருந்தது. பழனியாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கோபத்தில் அந்த முதல் பையைத் தூக்கி எறிய மறந்துவிட்டார். அது மற்றப் பைகளோடு பரிசோதனைக்குப் போய்விட்டது. இவ்வளவு உரச்சத்துள்ள மண் அந்தப் பக்கத்தில் எங்கும் கிடையாது என்று முடிவு வந்தது. இப்பேர்ப்பட்ட நிலத்தை லாயக்கற்றது என்று எப்படி எழுதினீர் என்று மேலதிகாரி எழுத்து மூலம் விளக்கம் கேட்டுவிட்டார்.

"என்ன எழுதினீங்க?"

"என்னத்தை எழுதறது? சாணியைப் பையில் பிடிச்சு அனுப்பிட்டேன்னா எழுத முடியும்? அளந்ததுதான் தப்புன்னு எழுதிட்டேன். 'செம்மண், முதல் தரம், ஆழம் இரண்டடி.'"

நிலம் ஒதுக்கின உத்தரவைக் கையில் கொடுத்தார். பழனியாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடியில் ஒரு வரி இருக்கு" என்றார் அரங்கசாமி. "ஏழு வருஷம் கழிச்சு மறுபடி குழி வெட்டிப் பார்ப்பாங்க. எழுதினபடி இல்லேன்னா நிலம் வாபஸ். என் வேலையும்."

"இன்னுங் கால் அடிதானுங்களே?"

"கால் அடின்னா சாதாரணமா? இயற்கை அதைச் செய்ய ஆயிரம் வருஷம் ஆகும்மா."

"இயற்கைக்குக் கூடை ஏதுங்க?" என்றாள் பழனியாத்தாள்.

அந்த ஏழு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் வரப்பை உயர்த்தினார்கள். பெய்த மழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் அங்கேயே இறங்கியது. கோடைதோறும் குளத்து வண்டல் வந்தது. சோளம் விளைந்தது, காய்ந்த தட்டு மாட்டுக்குப் போயிற்று, மாடு போட்டது கூடையில் திரும்பி வந்தது. கூலி வேலை முடித்து வருகிறபோது பழனியாத்தாள் வெறுந்தலையோடு வந்ததை யாரும் பார்த்ததில்லை. ராசப்பன் ஒருநாள் முணுமுணுத்தபோது, "பதினேழு கெணத்துக்குச் சுமந்தமே, அப்ப வாயைத் தொறந்தியா?" என்றாள். அவன் அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

முப்பத்தெட்டில் வந்தவர் வேறு அதிகாரி, குமாரசாமி என்று பேர். குழியைப் பழனியாத்தாளே நின்று வெட்டுவித்தாள். சுவரில் கை வைக்கவில்லை. கோலம் மட்டும் போட்டாள், சைக்கிள் வராத பக்கமாக.

குமாரசாமி மேலிருந்து திராவகம் விட்டுக்கொண்டே வந்தார். கருத்த மண், செம்மண், பழுப்பு. ஒன்றே முக்கால் அடியில் நுரைக்கவில்லை. பழனியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டு அடி, ஒரு விரற்கடையில் நுரைத்தது.

அவர் பழைய காகிதத்தை எடுத்து ஒப்பிட்டார். கொட்டாவி விட்டார். ஏதோ எழுதினார்.

"என்னங்க எழுதினீங்க?"

"நிலம் உங்களுக்கேதான். வேறென்ன?" என்று அதிகாரி வாசித்துக் காட்டினார். "'ஏழு வருஷத்தில் மண்ணில் எந்த மாறுதலும் இல்லை.'"

"ஆமாங்க" என்றாள் பழனியாத்தாள். குழியை மூடக் கூடையை எடுத்தாள்.