அந்தமானுக்கு முன்னால் சிதம்பரம்

கடலூர் செம்மண்டலத்திலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம், நானும் என் மனைவி ரேவதியும். போகும் ஊர் சிதம்பரம், நாற்பத்தைந்து கிலோமீட்டர். போகும் காரணம் அந்தமான். இன்னும் பன்னிரண்டு நாளில் சென்னையில் விமானம் ஏறுகிறோம். அங்கே வண்டூர் கரையிலிருந்து படகில் போனால் கடல் தேசியப் பூங்காவுக்குள் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்கை மாட்டி, வாயில் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு தண்ணீரின் மேல் குப்புற மிதந்தால், கீழே பவளப்பாறையும் வண்ண மீன்களும் தெரியுமாம். ஸ்நார்கெலிங் என்று பெயர். எனக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டை தருவார்கள் என்று ரேவதி சொல்லியிருக்கிறாள். அதையும் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டாகிவிட்டது.

ரேவதி பண்ருட்டிப் பக்கத்தில் விலங்கியல் ஆசிரியை. பதினைந்து வருடமாகப் பவளப்பாறையைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. "நீங்க வரலன்னா நானும் போவல. படத்தையே போட்டுக்கினு ரிட்டயர் ஆவறேன்" என்று அவள் சொன்ன பிறகு டிக்கெட் போடாமல் இருக்க முடியவில்லை.

கடலூர்க்காரனுக்குத் தண்ணீரைத் தேடிப் போகும் பழக்கம் கிடையாது. அதுவே வீடு தேடி வரும். சுனாமியாக, புயலாக, பெண்ணையாற்று வெள்ளமாக எல்லா வேஷத்திலும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. மாசிமகத்தன்று தேவனாம்பட்டினத்தில் சாமிகள் தீர்த்தமாட வரும்போது நாங்களும் முழங்கால் வரை இறங்குவோம், ஒரு கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு கரையேறிவிடுவோம். அந்தக் கடலுக்குள் முகத்தைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அதனால்தான் அந்தமானுக்கு முன்னால் சிதம்பரத்து நீச்சல்குளத்தில் ஒரு ஒத்திகை.

தண்ணீர்ப் பயம் பாதி என்றால் மீதிப் பாதி அப்பா. அண்ணாகிராமம் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்து நான்கு வயது. போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மா இல்லாததால், நாங்கள் ஊரில் இல்லாத ஆறு நாளும் நெய்வேலியிலிருந்து தங்கை வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆனாலும் நான் ஒரு தீவில் மீன் பார்த்துக்கொண்டிருக்கும்போது இங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற எண்ணம், டிக்கெட் போட்ட நாளிலிருந்து என்னோடு எழுந்து என்னோடு படுக்கிறது. கிளம்பும்போது மாத்திரைப் பெட்டியை அவர் கையருகே வைத்தேன். "சிதம்பரத்துக்குத்தானடா போற" என்றார்.

பேருந்து முதுநகரைத் தாண்டி, சிப்காட் ஆலைகளின் மருந்து நெடியைத் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போனது. ஜன்னலோரத்தில் ரேவதி மடியில் மாஸ்க் பையை வைத்துக்கொண்டு அங்கே கூடாதவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். தீவுக்குள் பிளாஸ்டிக் பை கூடாது, பாட்டில் கூடாது, பவளத்தைத் தொடவே கூடாது. வெள்ளாற்றுப் பாலத்தில் நான் கைப்பிடிச் சுவரின் உயரத்தைப் பார்த்தேன். அந்தப் பாலத்தை நூறு முறை கடந்திருப்பேன், ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

ரேவதியின் தம்பி சதீஷ் சிதம்பரத்தில் இருக்கிறான். சீர்காழி சாலையில் ஒரு விடுதியின் குளத்தை அவன்தான் பேசி வைத்திருந்தான். ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய், ஆழம் நாலடி. "மாமா, இதுல முழுவணும்னு நெனைச்சாலும் முழுவ முடியாது" என்று தைரியம் சொன்னான்.

ஒன்பதரை மணிக்கு இறங்கினோம். ரேவதி மாஸ்க்கை மாட்டினாள், குழாயைக் கவ்வினாள், குப்புற விழுந்தாள், மிதந்தாள். அவ்வளவுதான். நான் முகத்தைக் கவிழ்த்து நான்கு மூச்சு விடுவதற்குள் மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மூக்கு, தொண்டை எல்லாம் குளோரின். இருமிக்கொண்டு எழுந்தேன். பட்டையை இறுக்கிப் பார்த்தேன், தளர்த்திப் பார்த்தேன், ரேவதியின் மாஸ்க்கை வாங்கி மாட்டியும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வந்தது. நாலடி குளத்தில் இந்தக் கதி என்றால் கடலில் என்ன ஆகும் என்று குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

ரேவதி என் முகத்துக்கு நேரே வந்து, மாஸ்க்கோடு என்னைத் தண்ணீருக்குள் குனியச் சொல்லிப் பார்த்தாள். எழுந்ததும் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இங்கதாங்க வருது. மீச மேல ரப்பர் ஒட்ட மாட்டேங்குது."

என்னுடையது கொஞ்சம் அடர்த்தியான மீசை. கல்லூரியில் வைத்தது, அன்றிலிருந்து ஒரு நாளும் எடுத்ததில்லை. சதீஷ் ஓடிப்போய் வாஸலின் களிம்பு வாங்கி வந்தான். அப்பிப் பார்த்தோம். நான்கு மூச்சு எட்டானது, அதற்கு மேல் போகவில்லை.

"எடுத்துடலாமே மாமா" என்றான் சதீஷ். சொன்ன வேகத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் மகன் மீசையை எடுப்பது அப்பா செத்த பிறகுதான். கருமாதிக்கு மொட்டையோடு மீசையும் போகும். அப்பா உயிரோடு இருக்கும்போது எடுத்தால் அவர் சாவை வாசலில் வந்து கூப்பிடுவது போல. படித்தவர்கள், சென்னையில் இருப்பவர்கள் எடுக்கிறார்கள்தான். ஆனால் நெஞ்சில் ஸ்டென்ட்டோடு வீட்டில் ஒரு அப்பா உட்கார்ந்திருக்கும்போது படிப்பெல்லாம் நினைவுக்கு வருவதில்லை.

"வேணாங்க. நான் மட்டும் எறங்கறேன், நீங்க படகுல இருங்க" என்றாள் ரேவதி. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கிளப்பியது. மேல் விளிம்பை மட்டும் ஒதுக்கினால் ரப்பர் உட்கார இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

பக்கத்துத் தெருவில் சலூன், சதீஷ்தான் கூட்டிக்கொண்டு போனான். நான் மீசையைக் காட்டியதும் கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டார்.

"அப்பா இருக்காரா சார்?"

"இருக்காரு. மேல மட்டும் கொஞ்சம் எறக்குங்க."

அவர் வலப்பக்கம் இறக்கினார். இடப்பக்கம் தூக்கலாகத் தெரிந்தது. அதை இறக்கினார், வலப்பக்கம் கனத்துவிட்டது. இப்படியே மாறி மாறிப் போய், கடைசியில் மூக்குக்குக் கீழே புருவத்தைக் கழற்றி ஒட்டியது போல ஒரு கோடு மிஞ்சியது. கண்ணாடியில் அவரும் நானும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

"எடுத்துடுங்க" என்றேன்.

"நான் சொல்லலப்பா, நீங்கதான் சொன்னீங்க" என்று சதீஷைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு எடுத்தார்.

பதினொன்றரைக்கு மறுபடியும் குளம். மாஸ்க் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சொட்டு வரவில்லை. குளத்தின் அடியில் நீலச் சதுரக் கற்கள், யாரோ விட்டுப்போன தலைகிளிப் ஒன்று, ரேவதியின் பாதங்கள். என் மூச்சு எனக்கே கேட்டது. நன்றாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எழுந்து மேலுதட்டைத் தொட்டதும் எல்லாம் போய்விட்டது. மேலுதடு குளிர்ந்தது. இப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

திரும்பும் பேருந்தில் எங்கள் தெருக்காரர் பழனிவேல் புதுச்சத்திரத்தில் ஏறினார். அப்பாவை மாமா என்று கூப்பிடுபவர். என்னைப் பார்த்துச் சிரிக்க வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். முன்னால் போய் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பார்த்தார். முதுநகரில் இறங்கும்போது அருகில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் என் தோளை அழுத்திவிட்டு இறங்கிப் போனார். பேருந்து நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, அவுரு அப்பாவுக்குன்னு நெனைச்சிட்டாரு" என்றாள் ரேவதி.

அப்பாவுக்குப் போன் செய்தேன். லைன் பிஸி. மறுபடி அடித்தேன், அப்போதும் பிஸி. பகலில் யாரோடும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாத மனிதர். போனைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்துவிட்டாரோ, பக்கத்து வீட்டார் அவர் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்களோ என்றெல்லாம் ஓடியது. மீசையை எடுத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் போகும் வழியெல்லாம் நான் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வாசல் கதவு திறந்திருந்தது. அப்பா கூடத்து நாற்காலியில், கையில் போனோடு உட்கார்ந்திருந்தார். உயிரோடு, கொஞ்சம் எரிச்சலாக. நான் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"பழனிவேல் போன் பண்ணான். அலோன்னேன். பேச்சே இல்ல. அப்புறம், 'மாமா, நீங்களா பேசறீங்க'ன்றான். அதுக்கப்புறம் இன்னும் மூணு பேரு. நான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது." கண்ணாடியை எடுத்து மாட்டினார். "கைக்குட்டைய எடு."

எடுத்தேன். அவர் எழுந்து பக்கத்தில் வந்து பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் அவர் என்னைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நான் அழுதுவிட்டேன். மன்னிச்சிடுங்கப்பா என்று சொல்ல வந்தது, பாதிதான் வெளியே வந்தது. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்த கதையை ரேவதிதான் அவரிடம் சொன்னாள்.

"எங்க அப்பா போனப்ப நானும் எடுத்தேன். அந்த மூஞ்சிய அவரு பாக்கல. எந்த அப்பனும் பாத்ததில்ல." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் போன பின்னால நீ எப்பிடி இருப்பேன்னு இன்னைக்கிப் பாத்துட்டேன். நல்லாத்தான்டா இருக்க."

ரேவதி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப தண்ணி உள்ள போவலியே?"

"போவலப்பா."

"அப்ப போயிட்டு வா" என்றார். கையில் இருந்த போன் மறுபடியும் அடித்தது. எடுப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார். "திரும்பி வர்றதுக்குள்ள மீச கொஞ்சமாச்சும் வளந்திருக்கணும். எத்தினி பேருக்குடா நான் உசுரோட இருக்கேன்னு சொல்றது."